பாதி முகத்துக்கு மாஸ்க்

1. செஞ்சு காட்டுற புள்ள

எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப்ரைட்டிங் லோயரும் முடித்து, வீட்டில் உட்கார முடியாமல் நான் பிடித்த முதல் வேலை, திண்டுக்கல்லில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் டெமான்ஸ்ட்ரேட்டர். அந்தப் பெயரை எங்கள் முதலாளி ஹமீது பாயால் ஒரு தடவைகூட முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. "நம்ம கடையில செஞ்சு காட்டுற புள்ள" என்றுதான் எல்லாரிடமும் சொல்வார். வேலையும் அதுதான்.

முதல் நாளே என் முன்னால் ஒரு ஜாடியை வைத்தார். நீலக் கண்ணாடி, தங்க நிற மூடி, உள்ளே சந்தன நிறத்தில் நைசான மாவு. பம்பாயிலிருந்து வந்த பியூட்டி மாஸ்க். பன்னீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கழுவினால் முகம் வெளுத்துப் பளபளக்கும் என்று அதோடு வந்த தாளில் போட்டிருந்தது. புகையிலை வியாபாரிகள் வீட்டுப் பெண்களும் டாக்டர் சம்சாரங்களும்தான் வாங்கக்கூடிய சரக்கு.

"மொதல்ல நீ பூசிப் பாரும்மா. தான் திங்காத அல்வாவ எவனாச்சும் ஒழுங்கா விப்பானா?"

பூசினேன். முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு தோலை நாலு பக்கமும் பிடித்து இழுத்தது. காயும்வரை வாயை அசைக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஒருவர் ஷேவிங் சோப்பு வாங்க வந்தார்.

"என்ன பாய், சாமி செலையெல்லாம் விக்கிறீகளா?"

"செல இல்லப்பா, சம்பளம் வாங்குற புள்ள!"

சிரித்துவிட்டேன். மாஸ்க் ஏரி மண் மாதிரி வெடித்தது. கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் மலைக்கோட்டை ரோட்டுப் புழுதியும் போயிருந்தன. உண்மையில் நடந்தது அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இதை ஊர் முழுக்கப் பூசிவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

2. தொழிலின் சூட்சுமம்

முகம் முழுக்கப் பூசக் கூடாது. பாதிக்குத்தான் பூச வேண்டும். கம்பெனித் தாளில் இது கொட்டை எழுத்தில் இருந்தது. முழு முகமும் பளிச்சென்று ஆகிவிட்டால், முன்பு எப்படி இருந்தோம் என்பது வாடிக்கைக்காரிக்கு மறந்துபோகும். பாதி பூசினால் இரண்டையும் ஒரே கண்ணாடியில் பார்ப்பாள். மறுபாதியைத் துடைத்துக்கூட விடக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நாம் பேசவே வேண்டாம்.

எனக்கு இது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. டவுனில் நன்றாகவே பலித்தது. பாதி முகத்தோடு எழுந்த எவரும் ஜாடி வாங்காமல் போனதில்லை.

3. சின்னாளபட்டியில்

சின்னாளபட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ரெங்கசாமி முதலாளி எங்கள் பாய்க்குச் சிநேகிதர். நெய்த சேலைகளைக் கொண்டுவந்து போடும் நாளில் பெண்கள் கூடுவார்கள், அன்றைக்கு வந்து செய்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். பாயும் நானும் பஸ்ஸில் போனோம்.

நாற்காலியில் உட்கார எல்லாரும் கூச்சப்பட்டபோது, ஒருத்தி மட்டும் சேலைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். சௌடம்மா. என் வயதுதான் இருக்கும். மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழே. எடுப்பான மூக்கு, பெரிய கண். ரெங்கசாமி முதலாளி தன் ஜவுளிக்கடைக்குக் காலண்டர் போடுவதாக இருந்தார். அதில் சேலை கட்டிக்கொண்டு நிற்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அவள் நெய்த சேலையையே அவள் கட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து போட்டோக்காரர் வருகிறார்.

"நம்ம தெருவுல இவ நடந்தா சேலையே தனியா நடக்குற மாதிரி இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"ஆமா, நீ நடந்தா மூட்ட நடக்குது" என்றாள் சௌடம்மா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இடது பாதிக்குப் பூசினேன். "சுருக்குன்னு இழுக்கும். பொறுத்துக்கணும். நல்லாக் காய்ஞ்ச பெறகுதான் கழுவணும்" என்று வழக்கமான பாடத்தைச் சொன்னேன். கழுவியதும் கண்ணாடியைக் கொடுத்தேன்.

"அடி ஆத்தீ! நூலு வெளுத்த மாதிரியில்ல இருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பாய் பிடித்துக்கொண்டார். "அதேதாம்மா! நூல எப்புடி வெளுக்குறீக, அதே மாதிரி இது மொகத்துக்கு!" அந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு உண்டா? மதியம் வரை நானும் அதையே சொன்னேன்.

"ஏ சௌடம்மா, மிச்சப் பாதிய அடுப்புல வச்சுட்டு வந்துட்டியா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கை வலது கன்னத்துக்குப் போய்விட்டது. வந்தபோது அவளிடம் இல்லாத ஒரு கறுப்புக் கன்னம் இப்போது இருந்தது.

"இந்தப் பக்கமும் போட்டு விடுங்கக்கா. ஞாயித்துக்கிழமை போட்டோ."

நான் பாயைப் பார்த்தேன். பாதியோடு வீட்டுக்குப் போனால்தான் பேச்சு பரவும் என்பது எங்கள் கணக்கு. பாய் கண்ணாலேயே வேண்டாம் என்றார். "அடுத்த வாரம் வாரோம்மா, மொத ஆளா உனக்குத்தான்" என்றேன். ஜாடி வாங்க அவளிடம் காசில்லை. முந்தானையால் வலது கன்னத்தை மூடிக்கொண்டு போனாள்.

4. அடுத்த வாரம்

சொன்னபடி போனோம். கடையில் ஒரு பெண்ணும் எங்களிடம் பேசவில்லை. ரெங்கசாமி முதலாளிதான் சொன்னார்.

சௌடம்மா வீட்டில் நூல் வெளுக்க பிளீச்சிங் பவுடர் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை அதை அரிசி கழுவிய தண்ணீரில் குழைத்து வலது கன்னத்தில் பூசியிருக்கிறாள். எரிந்திருக்கிறது. நான் சொன்னபடி பொறுத்துக்கொண்டிருக்கிறாள். காய்கிறவரை.

வீட்டுக்குப் போனோம். கன்னம் முழுக்கக் கொப்புளம் உடைந்து ரணமாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவளுடைய அம்மா எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். உட்காரக் கோரைப்பாய் விரித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"வெளுக்கும்னு சொன்னீக. எங்க வீட்டுலயும் வெளுக்குறதுதானக்கா இருந்துச்சு" என்றாள் சௌடம்மா. குற்றமாகச் சொல்லவில்லை, கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஹமீது பாய் திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ரொம்ப நேரம் ஆகியிருக்குமாம்மா, அந்தப் பக்கமும் போட?"

"ஆகியிருக்காது பாய்."

அதன்பிறகு நான் பாதி முகம் போடவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

5. காலண்டர்

சௌடம்மா நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு ரெங்கசாமி முதலாளியின் அண்ணன் மகள் போட்டோவுக்கு நின்றாள். சிவகாசியிலிருந்து காலண்டர் வந்ததும் பார்த்துத் திடுக்கிட்டேன். அந்தப் பெண்ணை ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறேன், சௌடம்மாவின் நிறமேதான். படத்திலோ முகம் ரோஸ் கலரில் ஜொலித்தது.

"அவுக எப்பவுமே ரோஸ்தான் போடுவாக. கருப்பு வெள்ளப் படத்துக்கு அங்கதான் கலரு குடுக்குறாக. எந்த மொகத்த அனுப்புனாலும் ரோஸுதான்" என்றார் முதலாளி.

"இது சௌடம்மாவுக்குத் தெரியுமா?"

"யாரும் கேக்கலயே."

ஒரு காலண்டரை நானே அவளிடம் கொண்டுபோனேன். கொடுப்பதா வேண்டாமா என்று தெரு முனை வரை யோசித்தேன். படத்திலிருந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை. படத்துச் சேலையின் கரையில் விரல் வைத்துக்கொண்டு, "சேலைக்கு மட்டும் கலரு தப்பாம போட்டிருக்கான் பாருங்க" என்றாள். அவளுடைய வலது கன்னத்தில் தழும்பு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

நான் இப்போது தையல் மிஷின் கம்பெனியில் இருக்கிறேன். அங்கேயும் செய்து காட்டுகிற வேலைதான். புதிதாக வருகிற பெண்கள் பேசும் விதத்தையும் நிற்கும் விதத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். அதெல்லாம் பழகினால் வந்துவிடும். நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் முன்னால் ஒருத்தி வந்து உட்காரும்போது அவளிடம் என்னென்ன இருக்கிறது என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எழுந்து போகும்போது அதில் எதுவும் குறையாமல் அனுப்புங்கள்.