எந்த வழியில் மாமா?

"மாமா என்ற ஒரு சொல்லுக்கு மூன்று பக்கம் எதற்கும்மா?" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். முனைவர் பட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வு முன்மொழிவு அவர் மேசையில் கிடந்தது. பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்படும் குழந்தைகளைக் காவல் துறை எந்த இடத்தில் தவறவிடுகிறது என்பதுதான் என் ஆய்வு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் மாமா என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் அடித்து 'அங்கிள்' என்று திருத்தி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கிளாம் அங்கிள்!

முதலில் அவர் இந்தத் தலைப்பே வேண்டாம் என்றவர். "குடும்பம் குட்டின்னு இருக்கீங்க, ஆன்லைன் மோசடி, அது இதுன்னு ஏதாவது எடுக்கலாமே" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. இலத்தூரில் எங்கள் வீட்டில் எனக்கு வாயாடி என்றுதான் பட்டம், அதோடு பிடிவாதமும் உண்டு. சரி, எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை களத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே அலைந்து அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. அருவிப் பக்கம் சீசனுக்கு மட்டும் போடும் போலீஸ் பந்தலில் நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம். ஆனால் எந்தக் குழந்தையிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அனுமதி ரத்து, ஆய்வும் அதோடு போயிற்று. நியாயமான நிபந்தனைதான். ஆராய்ச்சி என்ற பேரில் அடிபட்ட பிள்ளைகளைக் கண்டவர்களெல்லாம் தோண்டித் துருவக் கூடாது. மனதார ஒத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

பந்தலுக்குப் பொறுப்பு ஒரு பெண் எஸ்.ஐ. கடையநல்லூர்க்காரி. வீட்டுக்காரர் சவுதியில். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, ஒன் மூஞ்சியப் பாத்தா சும்மா இருக்குற ஆளா தெரியலையே. வாயத் தொறந்தே, அருவியில புடிச்சுத் தள்ளிருவேன்" என்றாள். சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னாள்.

அந்தப் பந்தலில் வேலை என்றால் முக்கால்வாசி, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை ஒப்படைப்பதுதான். சாரல் ஒரு பக்கம், ஈரத் துணியோடு ஓடும் கூட்டம் ஒரு பக்கம். பிள்ளை தொலைந்தால் மைக்கில் சொல்வார்கள். யாராவது மூச்சிரைக்க ஓடி வருவார். "பாப்பா, இது யாரு?" என்று பிள்ளையிடம் கேட்பாள் எஸ்.ஐ. சித்தப்பா, மாமா என்று உறவு சொல்லிவிட்டால் முடிந்தது. "கூட்டிட்டுப் போங்க, கைய விடாதீங்க." பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். பார்க்கவே நிறைவாக இருக்கும். இதைவிட வேகமான முறையை அந்தக் கூட்டத்தில் யாராலும் யோசித்திருக்க முடியாது.

ஒருநாள் காலையில் ஒரு பெண் காவலர் பழக்கடைப் பக்கம் தனியாக நின்ற பெண் பிள்ளையைக் கூட்டிவந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். குற்றாலத்தில் தலை நனையாத பிள்ளையைச் சீசனில் பார்ப்பது அபூர்வம். இவள் தலை காய்ந்திருந்தது. அழவும் இல்லை.

"யாருகூட வந்தே?"

"மாமாகூட."

பந்தலே நிம்மதியாக மூச்சுவிட்டது. சொந்தம் இருக்கிறது, வந்துவிடுவார்கள். மைக்கில் சொன்ன கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். தேய்த்த சட்டை, கையில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம். "அக்கா பொண்ணு மேடம். கூட்டத்துல கைய விட்டுட்டா" என்று சிரித்தபடி அவள் தோளில் கை போட்டான். யாருக்கும் உறுத்தவில்லை. ஏன் உறுத்தப் போகிறது? எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டிக்கொள்ளும் முறை உண்டு. அம்மாவின் தம்பி மாமா. அத்தையைக் கட்டியவர் மாமா. மாமனாரும் மாமா. கட்டிய புருஷனையும் மாமா என்போம். பஸ்ஸில் இடம் கொடுத்தவரைக் காட்டி, மாமாவுக்கு டாட்டா சொல்லு என்போம். பெண்களை வைத்துப் பிழைக்கிற நாசமாய்ப் போகிறவனுக்கும் தமிழில் அதே பேர்தான் வைத்திருக்கிறோம்.

"இது யாரு பாப்பா?"

"மாமா."

"சரி, கூட்டிட்டுப் போங்க."

மற்ற பிள்ளைகளைப் போல அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து, கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி மாட்டத் தொடங்கினாள். பேசினால் என் படிப்பு போகும். பேசாவிட்டால் இவள் போய்விடுவாள். ஒருவேளை அவன் உண்மையிலேயே தாய்மாமனாக இருந்தால் நான் எல்லாவற்றையும் சும்மா தொலைத்த கிறுக்கி ஆவேன்.

எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் தெரியாத முகம் ஒன்று பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பெண்கள் லேசில் விடமாட்டார்கள். நீ யாரு மக, எந்த ஊரு, எந்த வழியில சொந்தம் என்று, சோறு விழுவதற்குள் வம்சத்தையே கறந்துவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் என் வாயில் வந்தது.

"ஏட்டி, எந்த வழியில மாமா?"

எஸ்.ஐ. என்னைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்தாள். பிள்ளை முழித்தாள்.

"வழின்னா?"

"ஒங்க அம்மாகூடப் பொறந்தவுகளா? இல்ல, அத்தையக் கட்டுனவுகளா?"

அவள் முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "அதெல்லாம் தெரியாதுக்கா. ரூமுல இருக்குற எல்லாப் புள்ளைங்களுக்கும் இவரு மாமாதான்."

அவன் கை தோளிலிருந்து இறங்கியது. "சின்னப் புள்ள, ஏதோ ஒளறுது மேடம்" என்று வாசல் பக்கம் நகர்ந்தான். எஸ்.ஐ. எழுந்து குறுக்கே நின்றாள். "உக்காரும்வே. ஒம்ம அக்கா பேரு என்ன?" அவன் ஒரு பேர் சொன்னான். "பாப்பா, ஒங்க அம்மா பேரு என்ன?" பிள்ளை வேறு பேர் சொன்னாள்.

அவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பிள்ளை சொன்ன வீட்டு அடையாளத்தை வைத்து எஸ்.ஐ. ஜீப்பில் போனாள். திரும்பி வந்தவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். வீடு திறந்து கிடந்தது. பாய்களைச் சுருட்டக்கூட இல்லை. கொடியில் சின்னச் சின்னத் துணிகள் ஈரத்தோடு தொங்கினவாம்.

"எத்தன புள்ளைகக்கா?" என்றேன்.

"துணிய வச்சு நான் எப்பிடிட்டி சொல்லுவேன்?" மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் சீசன்ல எத்தன மாமன்மாருகிட்ட என் கையாலயே புள்ளையப் புடிச்சுக் குடுத்தேனோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

நான் வாய் திறந்ததையும் அவள் மேலே சொல்லித்தான் ஆக வேண்டும். மதியமே பேராசிரியர் போனில் கூப்பிட்டார். நிபந்தனையை மீறிவிட்டேன், அனுமதி ரத்து, எடுத்த குறிப்பையெல்லாம் தூரப் போட்டுவிட்டு ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். சரி சார் என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. நிபந்தனை சரியென்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதே நிலைமை மறுபடி வந்தாலும் கேட்கத்தான் செய்வேன். அவர் சிவப்பில் அடித்த அந்த மூன்று பக்கமும் அதற்குப் பிறகு எழுதியவைதான்.

சாயங்காலம் காப்பகத்திலிருந்து வண்டி வந்தது. அதுவரை பிள்ளை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளைக் கூட்டிவந்த பெண் காவலர்தான் இட்லி வாங்கிக் கொடுத்து, முகம் துடைத்து, தலை பின்னிவிட்டிருந்தார். நல்ல மனுஷி. காப்பகத்து அம்மா முன்சீட்டில் இருந்து இறங்கினார். டிரைவர் நரைத்த தலை, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை தயங்குவதைப் பார்த்ததும் பெண் காவலர் அவள் கன்னத்தைத் தடவினார். "பயப்படாதட்டி. இந்த மாமா ஒன்னயப் பத்திரமா கொண்டு விட்டுருவாங்க."

சொன்ன வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார்.

பிள்ளை அழவில்லை. டிரைவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் போலவே குனிந்து செருப்பை மாட்டினாள். பிறகு என்னிடம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் அடுத்து என்ன வகுப்பு என்று கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள்.

"இந்த மாமா ரூமுல எத்தன புள்ளைங்கக்கா?"