அடுத்த ஒத்திக்கு ஆள்

ஓதம் ஏறிய சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்தால் நனைந்த சாக்கைப் போல ஒரு வாடை எழும்பும். அந்த வாடை எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் அங்கே நிற்பதில்லை, ஏனென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுப்படிச் சுவருக்கு என் அம்மா சுண்ணாம்பு அடித்தது நாங்கள் அங்கே வாழ்வதற்காக அல்ல, அந்த வீட்டை இன்னொருவர் தலையில் கட்டுவதற்காக.

அது "ஒத்தி" வீடு. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மூன்று வருடம் வாடகையே இல்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது கொடுத்த பணம் குறையாமல் கைக்கு வந்துவிடும் என்பது பேச்சு. அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் போதும், அந்த வீட்டுக்காரம்மா தெருவே கேட்கும்படி வாசலில் நின்று பேசுவார். கேட்டுக் கேட்டு "வாடகை" என்ற சொல்லே அம்மாவுக்குக் கசந்துபோயிருந்தது.

ஒத்திக்குக் கொடுக்க எங்களிடம் பணம் ஏது? அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய், கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. மிச்சத்துக்கு ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் அப்பா மாத வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டி பழைய வாடகையைவிட அதிகம் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. அப்பா வாய்விட்டே சொன்னார், அம்மாதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வாடகை போனா போனதுதான். இதுல மொதலு அப்படியே இருக்கும்லா? ஒருத்தரும் வாசல்ல வந்து நிக்க மாட்டாவ" என்றாள். நானும் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வாடகையே கிடையாது என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நின்றவர் வட்டிக்காரர். சொல் மாறியதே தவிர எங்கள் வீட்டில் வேறு எதுவும் மாறவில்லை.

ஐப்பசி மழைக்கு அடுப்படி ஒழுகும். சட்டி வைத்துப் பிடிப்போம். மூன்றாம் வருடம் மில்லில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள், வட்டி நின்று வட்டிக்கு வட்டி ஏறத் தொடங்கியது. ஒத்திப் பணம் திரும்ப வந்தால்தான் கடனும் அடையும், கொடியும் திரும்பும் என்கிற நிலை. கெடு முடிந்த அன்று அம்மா போய்க் கேட்டபோது வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. "அது மக கல்யாணத்துக்குப் போயிருச்சே தாயி. அடுத்த ஒத்திக்கு ஒரு ஆளப் பாத்துக் கூட்டியாங்க. அவிய குடுக்கத அப்படியே ஒங்க கையில தாரேன்" என்றார். மனுஷர் ஏமாற்றவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் எங்கள் பணத்தைத்தான் அப்படியே எடுத்துக் கொடுத்து, மிஞ்சியதைத்தான் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அப்படித்தான் சுண்ணாம்பு வந்தது. வீடு பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் அம்மா என் தலையை வாரிவிட்டுக்கொண்டே, "ஏட்டி, அவிய முன்னாடி மழை கிழைன்னு வாயத் தொறந்த, அம்புட்டுதான்" என்பாள். வந்தவர்கள் பலரும் மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வத்திராயிருப்பிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்த மாப்பிள்ளை முன்கட்டில் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும் அடுப்படிக்குள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கழுத்திலும் வெறும் மஞ்சள் கயிறு.

"அக்கா, கொடிய வச்சுத்தான் குடுக்கோம். மறைக்காமச் சொல்லுங்க, மழைக்கு ஒழுகுமா?"

அம்மா அவள் கழுத்தைப் பார்த்தாள். எனக்கு உண்மையைச் சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது, சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது.

"ஒழுகாது. நாங்க இருந்தோம்லா" என்றாள் அம்மா.

அவர்கள் பணம் வந்தது. எங்கள் கையில் அது செத்த நேரம்கூட நிற்கவில்லை, வட்டிக்காரர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போனார். கொடியை மீட்க மிஞ்சவில்லை, அது கடையிலேயே மூழ்கிப்போனது. மறுபடியும் ராஜபாளையத்துக்கே வாடகைக்குப் போனோம். சாமான் ஏற்றிய வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நா என்ன செய்ய, நா என்ன செய்ய" என்று அம்மா அழுதுகொண்டே வந்தாள்.

இப்போது நான் ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறேன். என் வீட்டு அட்வான்சும் கடன் வாங்கியதுதான். முன்பின் பார்க்காத யாரோ, கடன் தரும் ஆப்பில் நாலு தடவை போனைத் தட்டியதும் பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டார்கள். அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ஆட்டோ அந்தத் தெரு வழியாகப் போனது. வீடு இல்லை. இடித்து மட்டமாக்கிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள் என்றார் ஆட்டோக்காரர்.

அம்மா வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசியா யாருட்டி இருந்திருப்பா? அவியளுக்குப் பணத்த யாரு குடுத்திருப்பா?" என்று கேட்டாள்.

வீடே இல்லையென்றால் அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்? வத்திராயிருப்பில் போய் விசாரிக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

"யாருன்னு கேப்ப? அந்தப் பிள்ள பேரக்கூட நா கேக்கலயே" என்றாள் அம்மா.