அப்பா கூட்டிப் போட்ட ஒரு வயது

பள்ளி வேன் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர். தெருமுனையில் நின்று ஒரு சத்தம் போட்டால், மாடியில் சாக்ஸ் தேடுகிற பிள்ளைகூட அலறியடித்து ஓடிவரும். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் இருபத்தெட்டு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

பள்ளியின் நீச்சல் குளத்துக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். தலை நரைத்திருந்தும் அக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பதினோரு வயதில் நீச்சல் பழகப் போன இடத்தில் அவளைச் சீரழித்தவன் அவன்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டதும் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்கு வண்டியை விட்டாள்.

அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்தார். "நிரூபிச்சா பத்து வருஷத்துக்குக் குறையாம ஜெயில்தான்மா. ஆனா இங்க உள்ள சட்டப்படி, சின்ன வயசுல நடந்ததுக்கு உங்களுக்கு நாப்பது வயசு ஆகறதுக்குள்ள புகார் வந்திருக்கணும். ஆகி ரெண்டு மாசமாச்சே."

"அது பள்ளிக்கூடத்துக்காகப் போட்ட தேதி சார். எனக்கு முப்பத்தொம்பதுதான்."

சீக்கிரம் பள்ளியில் தள்ளிவிட அப்பா ஒரு வயதைக் கூட்டிப் போட்டிருந்தார். எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் அப்படிப் பிறந்ததுதான். மருத்துவமனைப் பதிவேட்டில் சரியான தேதி இருந்தது. ஆனால் அம்மா பெயருக்கு எதிரே 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அம்மா இப்போது உயிரோடு இல்லை; அது இவள்தான் என்று அப்பா வந்து எழுதித் தர வேண்டும்.

அவரோ பதிவு அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி நல்ல பேர் வாங்கி ஓய்வுபெற்றவர். "பொய்த் தேதி கொடுத்தேன்னு நானே கையெழுத்துப் போடவா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்பா. அவன் தினமும் பிள்ளைங்களோட குளத்துல இறங்குறான். நீங்க வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அப்பா வீட்டு வாசலை அடைத்து வேனை நிறுத்தினாள். இரண்டு நாள் அவள் வண்டிப் பிள்ளைகளையும் நானே ஏற்றிப் போனேன். மூன்றாம் நாள் கிழவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

காவல் நிலையத்தில் அதிகாரி எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். கிழவர் பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை.

"இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க சார். அன்னைக்கே இவ அழுதுக்கிட்டு வந்து என்கிட்ட சொன்னா. வெளியில சொல்லாதேன்னு வாயை அடைச்சது நான்தான்."

அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அக்கா தன் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மெதுவாவே சொல்லுங்கப்பா. ஆனா ஒண்ணுகூட விடாம சொல்லுங்க."