அறுபத்திரண்டாவது பாகத்தில் வந்தவன்

அந்தச் சீன நாடகத்தின் கடைசிப் பாகம் முடிந்ததும் வந்த கோபத்தில் போனைத் தூக்கிப் புளிக்குவியல்மேல் வீசினேன். நல்லவேளை, உடையவில்லை. அறுபத்திரண்டு பாகம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மாசியில் தொடங்கி, தினமும் மதியம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, எதிரே ஒரு சொம்பில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தது. கதை இதுதான். ஒரு படைத்தலைவன், கல்யாணமான மூன்றாம் மாதம் எல்லைக்குப் போகிறான். எட்டு வருஷம் கழித்து, கடைசிப் பாகத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். பனி கொட்டுகிறது, பாட்டு வருகிறது, அவ்வளவுதான்.

எனக்கு அதற்குப் பிறகு நடப்பதுதான் வேண்டியிருந்தது. கதவைத் திறந்தாளே, அப்புறம் இரண்டு பேரும் என்ன பேசினார்கள்? அடுத்த நாள் காலையில் எழுந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பார்த்தார்கள்? அதைக் காட்டுவார்கள் என்று நம்பித்தான் நாற்பது பாகத்துக்குமேல் பொறுமையாக இழுபட்டேன். ஐம்பதைத் தாண்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதியில் எழுந்துபோய் மோட்டாரைப் பார்ப்பேன், மாட்டை இடம் மாற்றிக் கட்டுவேன், திரும்பி வந்து இன்னும் எத்தனை பாகம் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணுவேன். இப்போதாவது வந்து தொலைடா, வந்தால்தானே மற்றதைக் காட்ட முடியும் என்று அந்தப் படைத்தலைவனை வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாகப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். இரண்டாவது சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தருமபுரியில் ரயில் ஏறிவிடுவார். அவர் சித்திரையோடு வேலையை விட்டுவிட்டு, கடத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் காலேஜுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அவரும்தான். ஊரில் எல்லோரும் உனக்கென்னம்மா இனிமேல் என்றார்கள். எனக்கோ பயமாக இருந்தது. மாதத்தில் ஒன்றரை நாள் பார்த்த மனிதரோடு முப்பது நாளும் எப்படி இருப்பது என்று யாரிடம் போய்க் கேட்பது?

அதுவரை எங்கள் போன் பேச்சு இரண்டு நிமிஷத்தைத் தாண்டியதில்லை. சாப்பிட்டாயா, மாடு கறக்கிறதா, பாப்பா படிக்கிறாளா. இந்த மூன்றும் முடிந்தால் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். மகள்தான் இரண்டு பேர் போனிலும் அந்த நாடகத்தைத் தமிழ்க் குரலோடு போட்டுக் கொடுத்தாள். அப்புறம் சாயங்காலம் ஆறரைக்கு, அவர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், அரை மணி நேரம் பேசினோம். மந்திரி செய்த துரோகம், மச்சினன் போட்ட வழக்கு என்று அவரும் கட்சி சேர்ந்து சண்டை போட்டார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

முடிவைப் பற்றிப் போனிலேயே சண்டை வந்துவிட்டது. அவருக்கு அந்த முடிவு பிடித்திருந்ததாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம் வந்தவர் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, என் எதிரே உட்கார்ந்து தானும் புளியில் கை வைத்தார். கொட்டையோடு பாதிச் சதையையும் சேர்த்துப் பிய்த்துப் போட்டார். நான் அதை எடுத்துத் திரும்பச் சுரண்டினேன். பேச்சு தானாக நாடகத்துக்கு வந்தது.

"வந்துட்டான் இல்ல? அப்புறம் என்னா?" என்றார்.

படைத்தலைவன் மனைவி முதலில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள், ஐந்தாம் வருஷத்தில் ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் மாறிவிடுவாள், அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். விழித்தார். மாமியாருக்குக் கண் போனதைக் கேட்டேன். அதற்கும் விழித்தார். விடாமல் குடைந்ததில் போனை எடுத்துக் காட்டினார். அவர் நாடகத்தையே பார்க்கவில்லை. யூடியூபில் ஒருத்தன் அதன் கதையைத் தமிழில் சொல்லியிருக்கிறான். பத்துப் பத்துப் பாகத்தை இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். கடைசித் துண்டை ஓடவிட்டேன். 'இப்படியே எட்டு வருஷம் போயிடுச்சு மக்களே. கட் பண்ணா, வாசல்ல நம்ம ஹீரோ!'

"ஷிப்ட்ல எங்க நேரம்? நீ பேசறியேன்னுதான் இதையாச்சும் பாத்தேன்," என்றார்.

அந்த வார்த்தையில் நான் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"சரிங்க, அந்த எட்டு வருசமும் அவ என்னா பண்ணான்னு சொல்லுங்க பாக்கலாம்."

"என்னா பண்ணுவா? காத்துக்கிட்டு இருந்தா."

நான் எழுந்துவிட்டேன். காத்துக்கொண்டு இருந்தாளாம். அவள் சாயப்பட்டறை எரிந்ததையும், சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு அதே இடத்தில் திரும்பக் கட்டியதையும் சொன்னேன். வழக்குக்கு நடந்ததைச் சொன்னேன். மாமியாரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கடைசியில் மண்ணில் வைத்ததைச் சொன்னேன். எந்த இடத்தில் அவள் போய் நான் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போர்வெல் வற்றிய வருஷம் குடத்தோடு அலைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சினைமாடு செத்து விழுந்ததை, மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் அன்றன்றைக்குப் போனில் சொல்லித்தான் இருந்தேன், ஒன்றுக்கு ஒரு வரியாக. அழுகை வந்தது. நிறுத்தாமல் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கொட்டையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நான் அங்க பதினோரு வருசம் என்னா பண்ணேன்னு நீ ஒருநாளாச்சும் கேட்டிருக்கியா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கம்பெனி, ரூம், திரும்பவும் கம்பெனி. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த ரூமில் அவரோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைக்கிறார்கள், எங்கள் ஞாபகம் வந்து எந்த நாளில் அழுதார், ஒன்றும் தெரியாது. நாடகத்தில்கூட எல்லையைக் காட்டாமல் இல்லை. குதிரையும் கூடாரமும் வந்தாலே எனக்கு அலுப்பாகிவிடும். அந்த இடத்தையெல்லாம் விரலால் தள்ளிவிட்டு அவள் வீட்டுக்கே வந்துவிடுவேன். எட்டு வருஷம் அவன் அங்கே என்ன பட்டான் என்று நானும்தான் பார்க்கவில்லை.

திரும்ப அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லுங்க," என்றேன்.

இத்தனை வருஷத்தில் எதை முதலில் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கேள்வியில் எடுத்துக்கொடுப்பதென்று எனக்கும் பிடிபடவில்லை.