மூன்று ஊர்ச் சிலுவை

அட்செடே இருபது வருடமாக அடிஸ் அபாபாவில் தேவாலய வாசலில் சிலுவை ஊசி விற்கிறாள். கோட்டு நெஞ்சில் குத்திக்கொள்வது, லாலிபெலா, கோந்தார், அக்சும் என்று ஊருக்கொரு பழைய வடிவம். துணி கிழியாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைத் துணி வட்டம் வைப்பது அவள் கைவழக்கம்.

அந்த ஞாயிறு மகள் மஹ்லெத்தைப் பெண் கேட்டு மூன்று பெரியவர்கள் வந்தார்கள். வழக்கப்படி, வந்த விஷயத்தைச் சொல்லும்வரை உட்கார மாட்டார்கள். நின்றவர்களின் கோட்டு நெஞ்சைப் பார்த்தாள் அட்செடே. மூன்று புது ஊசி, மூன்றின் ஓரத்திலும் பச்சைத் துணி.

"நாங்க மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, சித்தப்பா முறை. பரம்பரையா கோந்தார்க்காரங்க," என்றார் மூத்தவர்.

"அப்படியா? நெஞ்சுல லாலிபெலாவைக் குத்தியிருக்கீங்களே ஐயா."

அவர் குனிந்து பார்த்தார். "கடையில கொடுத்ததும்மா."

"கொடுத்தவ நான்தான். முன்பல் உடைஞ்ச ஒருத்தன் நேத்து மூணு வாங்கினான். பார்த்தா மரியாதையா தெரியணுமாம்."

உள்ளேயிருந்து மஹ்லெத் "ஐயோ அம்மா!" என்றாள். அவன்தான் மாப்பிள்ளை என்பது உறுதியாயிற்று.

"வாடகைக்கு வந்தீங்களா?"

"காசு வாங்கலம்மா. அவன் டாக்சி நிக்கிற இடத்துலதான் நாங்களும் வண்டி ஓட்டுறோம். மாப்பிள்ளை சுராஃபேலுக்குச் சொந்தம்னு யாருமில்ல."

அதுவும் பொய்யாக இருக்கலாம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏழு தலைமுறைக்குள் இரத்த உறவு இருக்கக் கூடாது என்பது வழக்கம்; அது தெரியாமல் பெண் கொடுப்பதெப்படி?

"உட்காருங்க, காப்பி குடிங்க. பதில் மட்டும் கேக்காதீங்க. அடுத்த ஞாயிறு அவனே வரட்டும், அவன் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிற சாமியாரைக் கூட்டிக்கிட்டு. அவன் யாரு, எந்த வம்சம்னு அவர் சொல்லட்டும். ஊசி குத்திக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க."