தாத்தா வடையை நரி தின்ற கதை

பொய் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். வக்கீலா என்று கேட்காதீர்கள், கரமனையில் ஒரு சிசு வகுப்புக்குக் கதை சொல்பவனாக இருந்தேன். நாலு வயசுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

நிபந்தனை

வகுப்பை நடத்திய டீச்சர் மலையாளத்துக்காரி, கண்டிப்பு. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள், மாசக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று. இன்ஸ்பெக்டர் என்ன பெரிசு, சிம்மாசனம் ஏறிய ஆமையையே பார்த்தவன் நான் என்று புளுக ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்கு ஒரு குட்டி அழுதாலும் ஸ்வாமிக்கு இங்கே வேலையில்லை, கேட்டோ."

காக்கா

சுலபமான கதையாக இருக்கட்டுமே என்று காக்கா, நரி, வடையை எடுத்தேன். காக்கா வாயைத் திறந்தது, வடை விழுந்தது, நரி கவ்விக்கொண்டு ஓடியது. நான் நரியாக ஓடியும் காட்டினேன்.

முன்வரிசையில் இருந்த பாகீரதி விசும்ப ஆரம்பித்தாள். போன மாசம் அவள் தாத்தா காலமாகியிருந்தார். தினமும் அவள் அம்மா காக்காய்க்குச் சாதம் வைத்து, "தாத்தா வந்துட்டார் பார்" என்று காட்டுவாளாம். அவள் அழ, மற்ற பத்தொன்பதும் சேர்ந்துகொண்டன. வாசலில் டீச்சர் நின்றிருந்தாள். பாகீரதி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது எங்க தாத்தாவோட வடையாக்கும். போய் வாங்கிண்டு வாங்கோ, மாமா."

மீட்பு

மறுநாள் இலையில் சுற்றிய வடையோடு போனேன். நரியைத் துரத்தி விழிஞ்ஞம் கடற்கரை வரை ஓடினதையும், அது வள்ளத்தில் ஏறித் தப்பப் பார்த்ததையும், நான் நீந்திப்போய் வாலைப் பிடித்ததையும் சொன்னேன். கடித்த அடையாளம் இல்லையே என்று ஒரு வாண்டு கேட்டது. கிழட்டு நரி, பல் கிடையாது என்றேன்.

மதில்மேல் வடையை வைத்தோம். ஒரு காக்கா வந்து தூக்கிக்கொண்டு போனது. இருபது பேரும் குதித்த குதியில் பாய் கிழிந்தது. அப்புறம் தினம் ஒரு வடை வைத்தோம். காக்கா வந்து எடுத்துக்கொண்டு பறக்கும்வரை ஒருத்தரும் அழவில்லை, அசையவில்லை. டீச்சர் மட்டும் என் காலைப் பார்த்தாள்.

"விழிஞ்ஞம் வரை ஓடிய செருப்பில் ஒரு பொடி மண்ணில்லையல்லோ, ஸ்வாமி."

இன்ஸ்பெக்டர்

கோட்டைக்குள் குடியிருந்த தமிழர், கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். பிள்ளைகளைக் காக்கா வடைக் கதை சொல்லச் சொன்னார். மாமா நீந்திப்போய் வடையை வாங்கி வந்த கதையைப் பாகீரதி சொன்னாள். அது தப்பு, நரி தின்றுவிட்டது என்று அவர் திருத்தினார். அவள் உதடு பிதுங்கியது. டீச்சர் என்னைப் பார்த்தாள். கிளம்பும் நேரம்தான் என்று நான் மூலையிலிருந்த என் குடையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மதிலில் காக்கா வந்து உட்கார்ந்தது. அதற்கு அது வடை வேளை, அன்றைய வடையும் மதிலில் தயாராக இருந்தது. பாகீரதி அவர் விரலைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப்போய், வந்திருப்பது யார் என்று சொல்லிக்கொடுத்தாள். இருபது பேரும் கைகூப்பி நின்றார்கள். காக்கா வடையோடு பறந்தபிறகும் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எங்கப்பாவுக்குப் போளின்னா உயிர். நாளைக்கு ஒண்ணு கொண்டுவந்தா வைக்கலாமோ?"

அதற்கப்புறம் பதினொரு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். கரமனை வட்டாரத்தில் எந்த நரிக்கும் ஒரு துண்டு வடைகூடக் கிடைக்கவில்லை.