எட்டு மணங்கு, மூன்று வீசை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு செய்தித் துண்டு இருக்கிறது. இரண்டு விரல் அகலம், நான்கு வரி. தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் இரண்டாம் வரி பாதி உதிர்ந்துவிட்டது. தலைப்பு ‘திருத்தம்’. முப்பத்தாறு வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்குப் பத்திரப்படுத்த வேறு செய்தியே கிடைக்கவில்லையா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. வேறு செய்திகள் நிறைய உண்டு. இந்த நான்கு வரி வராமல் போயிருந்தால் அவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதியிருக்க மாட்டேன்.

யுத்தம் வருவதற்குச் சற்று முந்திய காலம். மதுரையில் அச்சான ஒரு பத்திரிகைக்கு நான் தேனியில் ஏஜெண்டாகவும் நிருபராகவும் இருந்தேன். போடி போகும் ரயிலில் வரும் கட்டைப் பிரித்துக் கடைகளுக்குப் போடுவது பாதி வேலை. பருத்தி விலை, பெரியாற்றுத் தண்ணீர், தாலுகா அதிகாரியின் வருகை ஆகியவற்றை எழுதித் தபாலில் சேர்ப்பது மீதிப் பாதி. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அனுப்பியவற்றில் மூன்றில் ஒன்று அச்சாகும். அச்சானாலும் பாதியாக வெட்டப்பட்டிருக்கும்.

ஒருநாள் கட்டைப் பிரித்தபோது ஆறாம் பக்கத்தில், ஐரோப்பாவில் நடந்த சர்வதேசப் பளுதூக்கும் போட்டியின் முடிவுகள் வந்திருந்தன. ஆண்களுக்கான போட்டி. உடல் எடைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் வென்றவர்களின் பெயர், நாடு, தூக்கிய எடை என்று வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். அச்சுக் கோத்தவர் அந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டியது தெரிந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் இருந்தார். எடை ராத்தலில், அதாவது பவுண்டில், இருந்தது. பருத்தி மண்டி வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள் என்னை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். ராத்தல் அவர்களுக்குப் பிடிபடவில்லை. இருபத்தைந்து ராத்தல் ஒரு மணங்கு என்று நான் வகுத்து வகுத்துச் சொன்னேன்.

“இம்புட்டுத்தானா?” என்றார் ஒருவர். “உங்க மச்சான் தூக்குன கல்லு பன்னெண்டு மணங்குல்ல?”

குச்சனூரைத் தாண்டி மேற்கே ஒரு சிற்றூரில் என் அக்காளைக் கொடுத்திருந்தது. அந்த ஊர் மந்தையில் ஓர் இளவட்டக்கல் கிடந்தது. பூசணிக்காய் வடிவம், பிடிக்க விளிம்பில்லாத வழவழப்பு. குந்தி உட்கார்ந்து அதை முழங்காலுக்கு உருட்டி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு மேலாகப் பின்னால் போட வேண்டும். என் அக்காள் புருஷன் இருபத்தெட்டு வயதில், ஒரு பொங்கலன்று அதைச் செய்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாக ஒருவரும் செய்யவில்லை. கல் பன்னிரண்டு மணங்கு என்பது சுற்றுப்பட்டு ஊர்கள் அத்தனைக்கும் தெரியும். நானும் சிறுவயதிலிருந்து அப்படியே கேட்டு வந்தவன்.

அன்று மதியமே எழுதினேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயி முந்நூறு ராத்தல் கல்லைத் தோளுக்குத் தூக்கியிருக்கிறார். அவர் அந்தப் போட்டிக்குப் போயிருந்தால் பட்டியலில் ஒரு பெயர் மாறியிருக்கும். சொந்தக்காரர் பெயரைப் போடுவது முறையல்ல என்று பெயரை விட்டுவிட்டேன். அவ்வளவு கவனம் எனக்கு இருந்தது. வெட்டில்லாமல், கட்டம் கட்டி, அச்சானது. பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கியது சரி. பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. மதுரையில் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒருவர் செய்தியைப் படித்துவிட்டு ஆபீசுக்கே வந்துவிட்டாராம். போட்டியில் இருப்பது தலைக்குமேல் தூக்குவது, இது தோளோடு நிற்பது, இரண்டும் வேறு என்றாராம். அது போகட்டும், கல்லை நிறுத்தது யார் என்று கேட்டாராம். கார்டின் கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘தராசுச் சான்று ஒரு வாரத்தில் வேண்டும், இல்லாவிட்டால் தேனிக்கு வேறு நிருபர் பார்த்துக்கொள்கிறோம்.’

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கார்டை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கையைக் கழுவினார்.

“நிறுத்துப் பாத்துருவம்” என்றார்.

அக்காள்தான் சண்டைக்கு வந்தாள். “ஏலே தம்பி, கல்லை நிறுக்கப் போறீகளா? நாளைக்கு எங்களையும் தராசுல ஏத்துவீக. அந்தக் கல்லுனாலதான் உன் மச்சானை வாய்க்கா மடையில நடுவுல உக்கார வைக்கிறாக, தெரியுமா ஒனக்கு?”

அது உண்மை. தண்ணீர் முறையில் தகராறு வந்தால் அவர் சொல்வதை இரண்டு பக்கமும் கேட்கும். அவர் நிலம் அதிகம் இல்லாதவர், படிப்பு கிடையாது, பேச்சும் குறைவு. கல்லைத் தூக்கியவர் என்பது ஒன்றுதான் அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தது.

“பன்னெண்டு இருந்தா இருக்குது. இல்லாட்டி இல்ல. மாப்ளை வேலை போகணுமா?” என்றார் மச்சான்.

“கொறஞ்சிருந்தா?” என்றாள் அக்காள்.

“கொறஞ்சதைத்தான் தூக்குனேன்னு ஆகும்.”

நாட்டாமை லேசில் ஒப்பவில்லை. “அந்தக் கல்லு வண்டி ஏறுனதில்ல, எல்லை தாண்டுனதில்ல. தராசுல ஏத்தி விக்கிறதுக்கு அது என்ன புளியா?” என்றார். மச்சான் அவர் எதிரில் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். வாதாடுகிறவரைத் திருப்பி அனுப்புவது நாட்டாமைக்குச் சுலபம். சும்மா நிற்பவரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மூன்று நிபந்தனை போட்டார். தராசு கல்லிடம் வர வேண்டும். சனிக்கிழமை கூடாது, குச்சனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் அத்தனையும் இங்கே திரும்பிவிடும். மூன்றாவது, கல்லை மனுஷன் கைதான் தூக்கலாம், அதுவும் முன்பே தூக்கியவன் கை. கயிறு, கடப்பாரை, நாலு பேர் சேர்ந்து பிடிப்பது எதுவும் ஆகாது.

முன்பே தூக்கியவர்களில் உயிரோடிருந்தவர் ஒருவர்தான். அவருக்கு அப்போது நாற்பது வயது. இரண்டு வருடம் முன்பு ஏர் மாடு இடித்து இடுப்பில் ஒரு பிடிப்பு இருந்தது. அக்காள் அதைச் சொன்னபோது, “முழங்கா ஒசரந்தான், தட்டுல வைக்கணும், அம்புட்டுத்தான்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தேனி மண்டியிலிருந்து பெரிய தராசு வண்டியில் வந்தது. மண்டிக்காரர் எனக்குத் தெரிந்தவர். தராசோடு எடை போடுகிற ஆளையும், மணங்குக் கல் பன்னிரண்டையும், மணங்கில் எட்டில் ஒரு பங்கான வீசைக் கற்கள் சிலவற்றையும் அனுப்பியிருந்தார். இரும்புக் கற்கள், ஒவ்வொன்றிலும் சர்க்கார் முத்திரை. மந்தை வேம்பின் தாழ்ந்த கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, முள் நேராக நிற்கிறதா என்று எடைக்காரர் மூன்று முறை பார்த்தார். ஊரே கூடியிருந்தது. நான் நோட்டும் பென்சிலும் எடுத்தேன்.

மச்சான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லின் முன் குந்தினார். உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்தார். உருட்டித் தொடைக்கு ஏற்றினார். தட்டு இரண்டு அடி தள்ளி இருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்துக் கல்லை இறக்க வேண்டியதுதான். அவர் எழுந்தார். ஆனால் தட்டின் பக்கம் திரும்பவில்லை. கல் நெஞ்சுக்கு ஏறியது.

“ஏய், என்னய்யா பண்ற? தட்டு இங்கன இருக்கு!” என்று நாட்டாமை கத்தினார்.

“இருங்கய்யா” என்றார் மச்சான். மூச்சு முட்டி வந்த குரல். “பன்னெண்டு மணங்கா இருக்கையிலயே இன்னொருக்காத் தூக்கிக்கிடுறேன்.”

சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. இடது கால் ஒருமுறை துடித்தது. அக்காள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கல் தோளில் போய் உட்கார்ந்தது. பத்து எண்ணும் நேரம் அவர் அப்படியே நின்றார். வழக்கப்படி பின்னால் போட்டிருக்கலாம். போடவில்லை. தோளிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வந்த வழியே இறக்கி, இரண்டு எட்டு நடந்து, சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தூக்குவதைவிட இறக்குவது கடினம் என்று எடைக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார். மூட்டையோடு வாழ்ந்தவர், தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

எடைக்காரர் மண்டி வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று முதல் இரும்பை எதிர்த்தட்டில் வைத்தார். “ரெண்டு. மூணு. நாலு.” கல் அசையவில்லை. ஆறு வைத்தபோது கூட்டத்தில் ஒருவர், “இன்னும் ஆறு கெடக்கு, நல்லா வையி” என்றார். ஏழு. எட்டு. ஒன்பதாவதை வைத்ததும் கல் இருந்த தட்டு தரையை விட்டு எழும்பி, எதிர்த்தட்டு தாழ்ந்தது. எடைக்காரர் ஒன்பதாவதைத் திரும்ப எடுத்துத் தரையில் வைத்துவிட்டுச் சின்னக் கற்களை எடுத்தார். ஒரு வீசை, இரண்டு, மூன்று. முள் நேரானது.

எட்டு மணங்கு, மூன்று வீசை. ராத்தலில் இருநூற்றுப் பத்துகூட இல்லை. அந்தப் பட்டியலில் மிகக் குறைந்த உடல் எடைப் பிரிவில் வென்றவர்கூட இதைவிடக் கூடுதலாக, அதுவும் தலைக்குமேல் தூக்கியிருந்தார். தரையில் மிச்சமிருந்த நான்கு இரும்புக் கற்களை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் நோட்டை மூடினேன்.

“எழுது மாப்ளே” என்றார் மச்சான், உட்கார்ந்தபடியே.

“எழுதினா உங்களுக்கு...”

“என் பேரைப் போட்டு எழுது. போன தடவை பேர் இல்லாமப் போச்சுல்ல, அது நல்லதாப் போச்சு. இதுல போடு. தூக்குனது எம்புட்டுன்னு இப்பத்தான எனக்கே தெரியும்.”

அன்றே அனுப்பினேன். ஆசிரியர் என் அரைப் பக்கத்தை நான்கு வரியாக்கினார். தனியாக ஒரு கார்டும் போட்டார்: ‘பிழையைத் தானே நிறுத்துப் பார்த்து அனுப்பும் நிருபர் வேறு ஊரில் எனக்குக் கிடையாது. தொடர்ந்து எழுதவும்.’ நிறுக்க முன்வந்தது மச்சான்தான் என்று அவருக்கு நான் விளக்கிச் சொல்லவில்லை. அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வாய்க்கால் மடையில் மச்சானின் இடம் கொஞ்சம் தளர்ந்தது உண்மை. அந்த வருடம் ஒரு தகராறில், “எட்டு மணங்குக்காரர் சொன்னாக் கேக்கணுமாக்கும்?” என்று ஒருவன் ஏசினான். “எட்டே மூணு வீசைடா. மூணு வீசையை விட்றாத, அதுக்கும் சேத்துத்தான் இடுப்பு வலிக்கிது” என்றாராம் மச்சான். ஏசியவனே சிரித்துவிட்டான் என்று அக்காள் சொன்னாள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று அடுத்த பொங்கலில் நடந்தது. பன்னிரண்டு வருடமாகப் பயந்து ஒதுங்கி நின்ற இளவட்டங்கள், எட்டுத்தானே என்று கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பேர் தூக்கினார்கள். மூன்றாமவன் தோளுக்கு ஏற்றியபோது முதலில் கத்தியது என் மச்சான்தான். இடுப்பு வலியோடு எழுந்து நின்று கத்தினார்.

இப்போது போட்டி முடிவுகள் கிலோவில் வருகின்றன. என் பேரன் வானொலியில் கேட்டு எழுதி வைப்பான். ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது, இதை யார் நிறுத்தார்கள் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் தொழிலில் நான் கேட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான். அதை நான் கற்றுக்கொண்ட இடம் வேப்பமரத்தடி.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் துண்டின் நான்காம் வரி இன்னும் உதிரவில்லை. அதில் என் மச்சானின் பெயரும் ஊரும் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையைத் தவிர, அவர் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான். அக்காள் வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. அவர் இருந்தவரை, வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி வாசிக்கச் சொல்வார். ‘திருத்தம்’ என்ற தலைப்பை யாராவது வாசிக்காமல் தாண்டினால், முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார்.